‘வாய் ஒட்டிக்குதும்மா’

தென்மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு 3 வயது 11 மாதம். கவின் என்று வைத்துக்கொள்வோம். சீக்கிரமே பேச ஆரம்பித்த பிள்ளை. இரண்டு வயதில் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துக் கதை சொல்வானாம். மூன்று வயது முடிந்த மறுமாதம் ஒருநாள் காலையில் “அ-அ-அ-அம்மா” என்று எழுந்து வந்தான். அன்றிலிருந்து பத்து மாதமாகத் திக்கல் வருகிறது, போகிறது. சில வாரம் சுத்தமாக இருக்காது. சில வாரம் ஒரு வாக்கியத்தில் மூன்று இடத்தில் நிற்கும். சமீபமாக இன்னொன்று சேர்ந்திருக்கிறது: வாயைத் திறக்கிறான், சத்தமே வருவதில்லை. கண்ணை இறுக மூடி, காலால் தரையை ஓர் உதை உதைத்த பிறகுதான் வார்த்தை வெளியே விழுகிறது.

வீட்டில் ஆளுக்கொரு காரணம். திக்கல் தொடங்குவதற்கு முன் தெருநாய் துரத்தியதே, அந்தப் பயம்தான் என்கிறார் மாமனார். மாமியாரோ தன் மூத்த மகனைக் கைகாட்டுகிறார். கணவரின் அண்ணனுக்கு நாற்பது வயதிலும் திக்கல் உண்டு. “எப்பவும் அவன் மடியிலேயே கிடந்தான், ஒட்டிக்கிச்சு” என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பெரியப்பா வீட்டுப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார். மாமியார் பேசுவது தெலுங்கு, தாய் பேசுவது தமிழ், ஜூனில் சேரப்போவது ஆங்கிலவழி எல்.கே.ஜி.; ‘மூணு மொழியில பிள்ளை குழம்பிட்டான்’ என்கிறது பக்கத்து வீடு. நாக்கு ஒட்டு இருக்கும், அறுத்துவிட்டால் சரியாகும் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். மூன்று செவ்வாய்க்கிழமை வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள்; இரண்டு வாரம் திக்கலே இல்லை, அப்புறம் பழையபடி. குழந்தை மருத்துவர், “அஞ்சு வயசு வரைக்கும் பார்ப்போம், கண்டுக்காதீங்க” என்றாராம். கடிதம் எழுதியவரின் மனதிலோ வேறு கணக்கு: “நான் கூட்டுறவு வங்கி வேலைக்குத் திரும்பிய மூன்றாவது வாரம் இது ஆரம்பித்தது. வேலையை விட்டுவிடட்டுமா?”

மருத்துவர் ‘கண்டுக்காதீங்க’ என்றதால் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள்: திக்கல் என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கக் கூடாது. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: “போன மாதம் சோறு ஊட்டும்போது, ‘அம்மா, எனக்கு வாய் ஒட்டிக்குதும்மா’ என்றான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ‘அங்க பார், காக்கா’ என்று பேச்சை மாற்றிவிட்டேன். அதற்கப்புறம் அவன் அதைச் சொல்லவே இல்லை.”

அன்புள்ள சகோதரி,

நான்கு பக்கத்தில் என்னை நிறுத்தியது அந்தக் காக்காதான். நாய், வசம்பு, நாக்கு ஒட்டு எல்லாவற்றுக்கும் வருகிறேன். முதலில் இது.

உங்கள் மகனுக்குத் தெரியும். நீங்கள் மறைத்து வைத்திருப்பதாக நினைக்கும் விஷயம் அவன் வாய்க்குள்தான் நடக்கிறது. மூன்று வயதிலேயே தன் பேச்சு இடறுவதை உணர்கிற பிள்ளைகள் உண்டு. ஐந்து வயதுக்குள் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்துவிடும். கவின் உணர்ந்தது மட்டுமில்லை, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டான். ‘ஒட்டிக்குது.’ திக்கலைப் பற்றி இதைவிடத் துல்லியமான சொல்லைப் பெரியவர்களே எனக்குச் சொன்னதில்லை. அதை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தான். நீங்கள் காக்காயைக் காட்டினீர்கள். அவன் என்ன புரிந்துகொண்டிருப்பான்? அம்மாவிடம்கூடச் சொல்லக்கூடாத ஏதோ ஒன்று தன் வாயில் இருக்கிறது என்று.

இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நானே ஸ்பீச் தெரபிஸ்டாக வேலையைத் தொடங்கிய முதல் சில ஆண்டுகள், ‘கண்டுகொள்ளாதீர்கள், தானாகப் போய்விடும்’ என்று எத்தனையோ தாய்மாரை அனுப்பி வைத்திருக்கிறேன். அந்த அறிவுரைக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியர் இருந்தார். அவருக்கே திக்கல் உண்டு. எல்லாக் குழந்தைகளும் பேசப் பழகும்போது தடுமாறுகிறார்கள், பெற்றோர் அதைப் பெரிதுபடுத்திப் பெயர் சூட்டுவதால்தான் அது நோயாகிறது என்பது அவருடைய கொள்கை. இதைச் சோதிக்க 1939-இல் அவருடைய மாணவி மேரி டியூடர், ஓர் அநாதை இல்லத்தில் 22 பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்தார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில பிள்ளைகளிடம், ‘உனக்குத் திக்கல் வருகிறது’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் திக்குவாயர்கள் ஆகவில்லை. ஆனால் பேசப் பயந்து ஒடுங்கிப்போனார்கள். 2001-இல் பத்திரிகை வழியாக விஷயம் வெளியே வந்தபோது பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. ஜான்சனின் கொள்கை எப்போதோ செத்துவிட்டது. அதன் வாலான ‘கண்டுக்காதீங்க’ மட்டும் இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் உயிரோடு இருக்கிறது.

திக்கலைத் திட்டுவது, கேலி செய்வது, ‘ஒழுங்காப் பேசு’ என்று அதட்டுவது வேறு. குழந்தை சொன்னதை ‘ஆமாம்’ என்று ஏற்பது வேறு. முதலாவது காயப்படுத்தும். இரண்டாவது யாருக்கும் திக்கலைக் கொண்டுவந்ததில்லை.

ஆகவே வீட்டுச் சட்டத்தை நீக்கிவிடுங்கள். அடுத்த முறை அவன் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு, கஷ்டப்பட்டு வெளியே வந்ததும், முதலில் அவன் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். பிறகு சாதாரணமாக, சட்டையில் சாம்பார் பட்டதைச் சொல்வதுபோல, “இப்ப கொஞ்சம் ஒட்டிக்கிச்சு இல்ல? பரவாயில்ல, அம்மா கேட்டுட்டுத்தான் இருந்தேன்” என்று சொல்லுங்கள். அவனுடைய சொல்லையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் வேண்டாம். அவன் முகத்தில் தவிப்பு தெரிகிற நேரத்தில் போதும். அந்தக் காக்கா நாளைக்கூட நீங்களே திரும்ப எடுக்கலாம்: “அன்னைக்கு வாய் ஒட்டிக்குதுன்னு சொன்னியே, அம்மா சரியாக் கேக்கல. எப்படி ஒட்டும், சொல்லு.” பிள்ளைகள் இதற்கெல்லாம் காலக்கெடு வைப்பதில்லை.

யார் தவறு என்ற கேள்வி

யாருடைய தவறும் இல்லை. நீங்கள் வேலைக்குப் போனதும் காரணமில்லை, நாயும் காரணமில்லை.

திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. மூளை வார்த்தைகளை அடுக்கி, உதட்டுக்கும் நாக்குக்கும் குரல்வளைக்கும் மூச்சுக்கும் நொடியின் சிறு பங்குக்குள் கட்டளை அனுப்ப வேண்டிய வேலை அந்த வயதில் திடீரென்று பெருகுகிறது. நேற்று வரை ‘பால் வேணும்’ என்றவன் இன்று ‘பாட்டி வீட்டுல குடிச்ச மாதிரி பால் வேணும்’ என்கிறான். சில குழந்தைகளுக்கு இந்த நேரக் கணக்கைக் கையாளும் மூளை இணைப்புகள் சற்று வேறு விதமாக அமைந்திருப்பதைப் மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மரபும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. பாகிஸ்தானியக் குடும்பங்களில் தொடங்கிய ஓர் ஆய்வின் முடிவில், 2010-இல் அமெரிக்க அரசு ஆய்வாளர்கள் திக்கலோடு தொடர்புடைய மூன்று மரபணுக்களை அடையாளம் கண்டார்கள். எல்லோருடைய திக்கலையும் அந்த மூன்றே விளக்கிவிடாது. ஆனாலும் இது மூளையிலும் மரபிலும் வேர் உள்ள விஷயம், வளர்ப்பில் வந்த கோளாறு இல்லை என்பதில் இப்போது சந்தேகம் கிடையாது.

அப்படியானால் நாய் துரத்திய இரண்டு வாரத்தில், நீங்கள் வேலைக்குப் போன மூன்றாவது வாரத்தில் தொடங்கியது எப்படி? மூன்று வயதுப் பிள்ளையின் வாழ்க்கையில் எந்த மாதத்தை எடுத்தாலும் ஒரு நாயோ, ஒரு காய்ச்சலோ, ஒரு தங்கச்சிப் பாப்பாவோ, ஒரு வீடு மாற்றமோ இருக்கும். ஒரே காலையில் திடீரென்று தொடங்குவதும் திக்கலின் இயல்புதான். தொடங்கிய பிறகு நாம் பின்னோக்கித் தேடுகிறோம். தேடினால் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். களைப்பும் பரபரப்பும் ஏற்கெனவே உள்ள திக்கலை ஒருநாள் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். வேலையை விட வேண்டாம். குற்ற உணர்ச்சியோடு வீட்டில் உட்கார்ந்து, நாள் முழுக்க அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா அவனுக்குத் தேவையில்லை.

மூன்று மொழி பற்றி: இரண்டு, மூன்று மொழி கேட்டு வளர்வதால் திக்கல் வருவதில்லை. மாமியாரைத் தெலுங்கில் பேச வேண்டாம் என்று தடுத்துவிடாதீர்கள். பாட்டியோடு பேசும் மொழியைப் பிடுங்கிவிட்டால் பேசுவதற்கான ஓர் இடமே குறைந்துபோகும், திக்கல் குறையாது.

வசம்பும் கத்தியும்

வசம்பு தேய்த்த இரண்டு வாரம் திக்கல் இல்லாமல் போனதே என்று உங்கள் மாமியார் கேட்பார். நியாயமான கேள்வி. சிறு குழந்தைகளின் திக்கல் அலை மாதிரி. உச்சிக்கு ஏறும், பிறகு காரணமே இல்லாமல் வாரக்கணக்கில் காணாமல் போகும், திரும்ப வரும். நாம் வைத்தியம் தேடி ஓடுவது எப்போது? அலை உச்சியில் இருக்கும்போது. அடுத்து அது இறங்கத்தான் போகிறது. அந்த இறக்கத்தின் பெருமை வசம்புக்குப் போகிறது, கூழாங்கல்லுக்குப் போகிறது, தாயத்துக்குப் போகிறது. சில சமயம் என்னைப் போன்ற தெரபிஸ்டுகளுக்கும் போகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். வசம்பு சும்மா கிடக்கிற பொருளும் இல்லை. கொஞ்சம் கூடினால் குழந்தைக்கு நிற்காமல் வாந்தி வரும். பாட்டியின் அக்கறையைக் குறை சொல்லாமல், வசம்பை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

நாக்கு ஒட்டு என்பது நாக்கின் அடியிலுள்ள சவ்வு குட்டையாக இருப்பது. பால் குடிக்கும் வயதில் சில குழந்தைகளுக்கு அது தொந்தரவு தரும்; ஓரிரு ஒலிகளின் உச்சரிப்பையும் பாதிக்கலாம். திக்கலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டு வயதிலேயே சரளமாகப் பேசிய நாக்கு, மூன்று வயதில் புதிதாக ஒட்டிக்கொள்ளாது. 1841-இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், திக்கலைக் குணப்படுத்துவதாக நம்பி நோயாளிகளின் நாக்கில் ஆப்பு வடிவில் சதையை வெட்டி எடுத்தார். ரத்தம் போனதுதான் மிச்சம். திக்கலுக்காகக் கத்தியைப் பற்றிப் பேசுகிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். மாத்திரையும் கிடையாது, குழந்தைத் திக்கலுக்கு என்று ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை.

ஐந்து வயது வரை காத்திருக்கலாமா?

இதில் உங்கள் மருத்துவர் சொன்னது பாதி சரி. சுமாராக 20 குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு ஏதோ ஒரு கட்டத்தில் திக்கல் வருகிறது. அவர்களில் ஐந்துக்கு நான்கு பேருக்குப் போய்விடுகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் நிற்கிறது. இந்தக் கணக்கை வைத்துத்தான் ‘பார்ப்போம்’ என்கிறார்கள்.

ஆனால் உங்கள் மகன் சராசரிக் குழந்தை இல்லை, அவன் கவின். அவனுடைய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொடங்கியது மூன்றரை வயதுக்கு முன், இது நல்லது. பேச்சும் மொழியும் மற்றபடி நன்றாக வளர்ந்திருக்கின்றன, இதுவும் நல்லது. ஆனால் ஆண் பிள்ளை. பெண் குழந்தைகளுக்கு விலகிப்போவது அதிகம். பெரியவர்களில் நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்ற விகிதத்தில்தான் திக்கல் தங்குகிறது. குடும்பத்தில் திக்கல் இருக்கிறது, அதுவும் நாற்பது வயது வரை நிற்கிற திக்கல். பத்து மாதம் ஓடிவிட்டது, ஒரு வருஷத்தை நெருங்குகிறது. எல்லாவற்றையும் விட, சத்தமே வராமல் அடைத்துக்கொள்வது, கண்ணை மூடுவது, காலை உதைப்பது. எல்லாக் குழந்தைகளும், ‘எனக்கு வந்து... எனக்கு வந்து... அந்த இது வேணும்’ என்று முழுச் சொல்லைத் திருப்பித் தடுமாறுவார்கள். அதைப் பற்றிக் கவலையில்லை. முதல் எழுத்தே திரும்பத் திரும்ப வருவதும், ‘ம்ம்ம்மாமா’ என்று இழுப்பதும், அடைப்பதும், வார்த்தையை வெளியே தள்ள உடம்பைத் துணைக்கு அழைப்பதும்தான் திக்கல். கவினிடம் இருப்பது இந்த இரண்டாவது வகை.

இவற்றை வைத்து அவனுக்குத் திக்கல் நிலைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காத்திருப்பதால் லாபம் எதுவும் இல்லை, நஷ்டம் இருக்கலாம். சிறு வயதில் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. பள்ளி வயது ஏற ஏற வேலை கடினமாகிறது. தானாகப் போகப்போகிற திக்கலுக்குச் சிகிச்சை கொடுத்துவிட்டால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. ஆகவே ஐந்து வயது வரை வேண்டாம். இந்த மாதமே காட்டுங்கள்.

வீட்டில், நாளையிலிருந்து

தெரபிஸ்டிடம் போகும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

‘மெதுவாப் பேசு’, ‘மூச்சை இழுத்துட்டுச் சொல்லு’, ‘யோசிச்சுப் பேசு’: இந்த மூன்றும் வேண்டாம். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். கேட்கிற பிள்ளைக்கு, ‘நீ சொல்ற விஷயத்தை விட சொல்ற விதம்தான் இங்கே முக்கியம்’ என்று விழுகிறது. அவனை மெதுவாகப் பேசச் சொல்லாமல் நீங்கள் மெதுவாகப் பேசுங்கள், தூங்க வைக்கும்போது கதை சொல்கிற வேகத்தில். அவன் முடித்ததும் உடனே பாயாமல் மனதுக்குள் ‘ஒன்று’ எண்ணிவிட்டுப் பதில் சொல்லுங்கள். அந்த ஒரு நொடி, ‘இங்கே அவசரம் இல்லை’ என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடும்.

வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள். இது கடினம், எனக்குத் தெரியும். பிள்ளை ‘த-த-த’ என்று தவிக்கும்போது ‘தண்ணியா?’ என்று கேட்காமல் இருக்கத் தாய் மனதுக்கு வலிக்கும். ஆனால் அவன் கேட்க வந்தது தண்ணியாக இல்லாமல் தாத்தாவாக இருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கண்ணைப் பாருங்கள், முகத்தை இயல்பாக வைத்துக்கொள்ளுங்கள், காத்திருங்கள்.

கேள்விகளைக் குறையுங்கள். வேலை முடிந்து வந்ததும், ‘என்ன சாப்பிட்ட? பாட்டியோட எங்க போன? யாரு வந்தாங்க?’ என்று அடுக்குவதற்குப் பதில், ‘சட்டையெல்லாம் மண்ணு, செம ஆட்டம் போல’ என்று சொல்லிவிட்டு விடுங்கள். பேச வேண்டும் என்றால் அவனே பேசுவான்.

கூட்டுக் குடும்பத்தில் இன்னொரு சிக்கல், பேச இடம் கிடைக்காதது. சாப்பாட்டு நேரத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் வீட்டில், நாலு வயதுக்காரன் தன் முறையைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது. ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் என்பது எல்லோருக்கும் பொதுவான விதியாகட்டும், கவினுக்காக என்று சொல்ல வேண்டாம். தினமும் ஐந்து நிமிஷம் அவனோடு மட்டும் உட்காருங்கள். போன் பக்கத்தில் கூடாது. விளையாட்டை அவன் தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் அவன் பின்னால் போங்கள். ஐந்து நிமிஷம் என்றால் ஐந்தே நிமிஷம்தான். வங்கி வேலையோடு முடிகிற அளவைத்தான் சொல்கிறேன்.

கடிதத்தில் ஓரமாக ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: விருந்தாளிகள் வந்தால் தாத்தா ஆத்திசூடி சொல்லச் சொல்வார், ‘அறம் செய விரும்பு’ தடங்கலே இல்லாமல் வரும், உடனே ‘பாரு, வேணும்னேதான் திக்கறான்’ என்பார் என்று. பாடும்போதும், மனப்பாடத்தை ராகத்தோடு ஒப்பிக்கும்போதும், பலரோடு சேர்ந்து சொல்லும்போதும், நாய்க்குட்டியோடு பேசும்போதும் திக்கல் காணாமல் போவது திக்கல் உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் நடப்பது. அந்த நேரத்தில் புதிதாக வாக்கியம் கட்ட வேண்டியதில்லை, அல்லது தாளம் நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. வேண்டுமென்றே யாரும் கண்ணை மூடித் தரையை உதைக்க மாட்டார்கள். இதை உங்கள் மாமனாருக்கு நீங்கள் சொல்வதை விட அவர் மகன் சொல்வது எடுபடும்.

எங்கே காட்டுவது, எப்படித் தேர்வது

மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ‘மாவட்ட ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையம்’ எங்கே என்று கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் நடப்பது, கட்டணம் கிடையாது. அங்கே ஸ்பீச் தெரபிஸ்ட் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போங்கள், இல்லையென்றால் ஒருநாள் விடுப்பு வீணாகும். தமிழ்நாட்டுக்குள், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இந்தத் துறையின் தாய்வீடு. தொலைவு என்றால் காணொளி வழியாகவும் சிகிச்சை பெறலாம். இந்த வயதில் பயிற்சி பெரும்பாலும் பெற்றோருக்குத்தான் என்பதால் அது நன்றாகவே ஒத்துவருகிறது.

தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பேச்சு, செவிப்புலன் பட்டப்படிப்போ அதற்கு மேலோ படித்திருக்க வேண்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம், நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள். ‘பத்தே நாளில் நிரந்தரக் குணம்’ என்று சுவரில் எழுதியிருந்தால் அந்தத் தெருவைத் தாண்டிப் போங்கள். கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி: “சிகிச்சையில் என் பங்கு என்ன?” ‘நீங்க வெளிய உட்காருங்க, நான் பாத்துக்கறேன்’ என்று பதில் வந்தால், நாலு வயதுப் பிள்ளைக்கு அது சரியான இடமில்லை.

இந்த வயதுக்கு நன்றாக ஆராயப்பட்ட முறைகள் இரண்டு விதம். ஒன்று ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான லிட்கம்ப் முறை. தினமும் சிறிது நேரம் பெற்றோர் குழந்தையோடு பேசி விளையாடி, ஒட்டாமல் வந்த பேச்சை அவ்வப்போது அளவாகப் பாராட்டுவார்கள். தினமும் திக்கலுக்கு மதிப்பெண் போட்டுக் குறித்து வைப்பார்கள். வாரம் ஒருமுறை தெரபிஸ்ட் சரிபார்ப்பார். இன்னொன்று, நான் மேலே சொன்னதுபோலச் சூழலின் வேகத்தையும் அழுத்தத்தையும் குறைக்கும் வழி. நெதர்லாந்தில் இரண்டையும் ஒப்பிட்டுச் செய்த பெரிய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. பதினெட்டு மாதம் கழித்துப் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே எந்த முறை என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், பக்கத்தில் கிடைக்கிற, இதில் பயிற்சி உள்ள ஆளைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பாராட்டும் முறையை யூடியூப் பார்த்து நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அளவு தப்பினால் பிள்ளைக்கு அது பரீட்சையாகிவிடும்.

போகும்போது செல்போனில் இரண்டு மூன்று காணொளி எடுத்துப் போங்கள், அவனுக்குத் தெரியாமல், விளையாடும்போது எடுத்தது. தெரபிஸ்ட் முன்னால் பெரும்பாலான பிள்ளைகள் தேன் மாதிரிப் பேசும். ‘வீட்டுல இப்படி இல்ல மேடம்’ என்று தாய் கண் கலங்குவதை வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். கேட்கும் திறனையும் ஒருமுறை சோதித்துவிடச் சொல்லுங்கள். பேச்சுக்காக வரும் எந்தக் குழந்தைக்கும் செய்வது அது.

ஊனச் சான்றிதழ் வாங்கலாமா என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பேச்சு, மொழிக் குறைபாடு என்று வரையறுத்திருப்பது குரல்வளை நீக்கம், பக்கவாதத்தில் பேச்சிழப்பு போன்ற நிரந்தர நிலைகளை. நாலு வயதுப் பிள்ளையின் திக்கல் அதில் வராது, வரவும் தேவையில்லை.

ஜூன் மாதம்

பள்ளி திறப்பதற்கு முன் வகுப்பு ஆசிரியையை ஐந்து நிமிஷம் பாருங்கள். மறைத்து வைத்தால் அவர் தானாக ஒன்றை முடிவு செய்துகொள்வார்: ‘பயந்தவன்’ அல்லது ‘மெதுவாகப் புரிகிறவன்’. இரண்டும் தவறு, திக்கலுக்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. அவரிடம் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். அவன் பேசும்போது காத்திருக்க வேண்டும். வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது. வரிசையாகப் பெயர் சொல்ல வைத்தால் அவனுக்குச் சீக்கிரம் முறை கொடுக்க வேண்டும், ஏனென்றால் காத்திருக்கக் காத்திருக்க இறுக்கம் ஏறும். கேலியை அப்போதே நிறுத்த வேண்டும். மேடையிலிருந்து அவனை விலக்கி வைக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்லுங்கள். ரைம்ஸை நான்கு பிள்ளைகளோடு சேர்ந்து சொல்லட்டும், ஜோராக வரும்.

வகுப்பில் யாராவது ‘ஏன் இப்படிப் பேசற?’ என்று கேட்பார்கள். நாலு வயதில் அது கேலியாக இருக்காது, வெறும் சந்தேகம். பதிலை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்கலாம்: “சில நேரம் என் வாய் ஒட்டிக்கும். அப்புறம் வந்துடும்.” அவ்வளவு போதும். கவனித்தீர்களா, வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை இருந்தால் பள்ளியில் இந்தப் பதில் அவனிடம் இருக்காது.

பெரியப்பா

திக்கல் பார்த்துப் பழகுவதால் ஒட்டுவதில்லை. கேலிக்காக இரண்டு நாள் யாரையாவது போலப் பேசிக் காட்டுகிற பிள்ளைக்கு, கண்ணை மூடிக்கொண்டு சத்தம் வராமல் தவிக்கும் அடைப்பு வராது. குடும்பத்தில் வந்திருப்பது உண்மை. ஆனால் அது மடியில் உட்கார்ந்ததால் வந்ததில்லை. உங்கள் கணவருக்கும் அவர் அண்ணனுக்கும் ஒரே ரத்தம், அதில் எங்கோ இருந்திருக்கிறது. யார் மடியில் யார் உட்கார்ந்தாலும், உட்காராவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும்.

எனக்கு அவரை நினைத்துத்தான் கடிதத்தை மூடி வைத்த பிறகும் சங்கடமாக இருந்தது. நாற்பது வருஷம் திக்கலோடு வாழ்ந்த மனிதர். அவருக்குப் பள்ளியில் எப்படிப் போயிருக்கும், பெண் பார்க்கப் போன இடத்தில் எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பலருக்குத் தன் பெயரைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் அதற்கு மாற்றுச் சொல் கிடையாது. இப்போது தம்பி மகனுக்கும் இதைக் கொடுத்துவிட்டோம் என்ற பாரம் வேறு. ‘வாய் ஒட்டிக்குது’ என்றால் என்னவென்று உங்கள் வீட்டில் உடம்பால் அறிந்த ஒரே பெரியவர் அவர்தான். அவரைத்தான் பிள்ளையிடமிருந்து தள்ளி வைத்திருக்கிறீர்கள்.

கணவரைப் போய் நேரில் அழைத்து வரச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். காரணம் சொல்லி மன்னிப்பெல்லாம் கேட்டு அவரைக் கூச வைக்காமல், ‘பையன் உங்களைத் தேடறான், ஞாயித்துக்கிழமை வாங்க’ என்றால் போதும். வந்ததும் பழையபடி மடியில் ஏறிக்கொள்வான். அவர் ஒரு வார்த்தையில் நின்றால் யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள். கவின் பார்த்துக்கொண்டிருக்கட்டும்: பெரியப்பாவுக்கும் ஒட்டிக்கிறது, எல்லோரும் காத்திருக்கிறார்கள், பெரியப்பா சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறார், பாட்டி அவருக்கு இன்னொரு தோசை வைக்கிறாள்.